புல்வெட்டும் யந்திரமும் பஞ்சாயத்துப் பட்டறையும்

பஞ்சாயத்துக்குப் புதிதாக ஒரு யந்திரம் வந்து சேரும் நாள் ஊருக்கே விசேஷமான நாளாகும். யந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தலைவரும் உறுப்பினர்களும் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்வதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இரண்டாண்டு கழித்து அதே யந்திரத்தைத் தேடிச் சென்றால், அது கட்டிடத்தின் பின்னறையில் பழைய தெருவிளக்குக் கூண்டுகளுக்கு நடுவே சாய்ந்து கிடப்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். விசாரித்தால் "ரிப்பேர்" என்ற ஒரே சொல் விடையாகக் கிடைக்கும். என்ன ரிப்பேர், எப்போது முதல், யார் பார்த்தார்கள் என்று மேலும் வினவினால் விடை இராது. புல்வெட்டும் யந்திரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த நிலையை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிராமப் பஞ்சாயத்துக்குப் புல்வெட்டும் யந்திரம் எதற்கு, ஆடும் மாடும் இல்லையா என்று வாசகர்களில் சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அம்பத்தூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-ஆம் ஆண்டில் தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. இவற்றின் விளிம்பில் உள்ள பஞ்சாயத்துகளில் நெல் விளைந்த நிலங்கள் பலவும் மனைப்பிரிவுகளாகிவிட்டன. பெரிய மனைப்பிரிவு அங்கீகாரம் பெறும்போது நிலத்தில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாக ஒதுக்கப்பட்டு, தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படுகிறது. இவ்வாறு, கேட்காமலேயே பஞ்சாயத்துக்குப் பூங்காக்கள் சொந்தமாகிவிட்டன. மழைக்காலம் முடிந்து பார்த்தால் அங்கே பார்த்தீனியமும் நாயுருவியும் இடுப்பளவு நிற்கும். மாடுகளோ ஊரில் குறைந்துவிட்டன. பள்ளி மைதானம், மேல்நிலைத் தொட்டியைச் சுற்றியுள்ள இடம், சுடுகாட்டுப் பாதை, வாய்க்கால் ஓரம், ஏரிக்கரை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தால், கையரிவாளைக் கொண்டு மட்டும் இவ்வேலையை முடிக்க இயலாது என்பது விளங்கும்.

புல் வெட்டும் தொழிலை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர்கள் கோல்ஃப் ஆட்டக்காரர்கள். சென்னையிலும் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் உட்புறத்தில் நெடுங்காலம் இவ்வாட்டம் ஆடப்பட்டு வந்தது. நந்தனத்தில் ஒரு மைதானம் உண்டு. உதகையிலும் கொடைக்கானலிலும் உண்டு. அந்த ஆட்டம் நமது கிராமங்களுக்கு வேண்டியதில்லை. ஆனால் அந்த மைதானங்களின் பின்புறம் உள்ள பட்டறை நமக்கு வேண்டியதே.

இதில் சுவையான சரித்திரம் ஒன்று உண்டு. கல்கத்தாவில் கோல்ஃப் கழகம் தோன்றியது 1829-ஆம் ஆண்டில். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுவே மிகப் பழையது. புல்வெட்டும் யந்திரம் பிறந்ததோ அதற்கு அடுத்த ஆண்டில்தான். அதுவரை மைதானங்களில் புல்லைக் குறைத்தவை ஆடுகளும், கையால் வீசி அறுக்கும் நீண்ட அரிவாள்களுமே. இங்கிலாந்தில் ஸ்டிரவுட் என்னும் ஊரைச் சார்ந்த எட்வின் பட்டிங் என்பவர் கம்பளி ஆலைகளில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சீராகக் கத்தரிக்கும் உருளைக் கத்தியைக் கண்டார். துணியைக் கத்தரிக்கும் கத்தி தரையின் புல்லை ஏன் கத்தரிக்கலாகாது என்று எண்ணி, 1830-ஆம் ஆண்டில் புல்வெட்டும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். திருகி அகலத்தை மாற்றும் ஒருவகை ஸ்பானரை அமைத்தவரும் அவரே என்பர். யந்திரத்தைச் செய்தவரே அதைக் கழற்றி மாட்டும் கருவியையும் எண்ணியது பொருத்தம்தான்.

சென்னை போன்ற வெப்பமான இடங்களில் கோல்ஃப் மைதானங்களில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் அருகம்புல் இனமே. நமது உழவர்கள் வரப்பிலிருந்து வேரோடு தோண்டி எறியப் பாடுபடும் அதே புல்லை அங்கே நீர் பாய்ச்சி, உரமிட்டு, குழியைச் சுற்றியுள்ள பகுதியில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிப் பராமரிக்கிறார்கள். இந்த உயரத்தில் வெட்டுவதற்குக் கத்தி மழுங்கியிருக்கக்கூடாது. ஒரு முனை தாழ்ந்து மறுமுனை உயர்ந்திருக்கக்கூடாது. எனவே வேலை முடிந்து திரும்பும் யந்திரம் ஒவ்வொன்றும் துடைக்கப்பட்டு, கத்தி பார்க்கப்பட்டு, ஓடிய மணி நேரம் ஏட்டில் குறிக்கப்பட்ட பின்னரே நிறுத்தப்படும். வண்டி நின்றபின் ரிப்பேர் பார்ப்பது ஒரு வழி. நிற்காதபடி பார்த்துக்கொள்வது மற்றொரு வழி. நாம் கற்கவேண்டியது இரண்டாவது வழியை.

இனி யந்திரங்களைப் பற்றிக் கூறுவோம்.

கத்தியின் வகைகள்

புல்லை வெட்டுவதில் இரண்டே முறைகள் உண்டு. ஒன்று கத்தரிக்கோல் முறை. மற்றொன்று அரிவாள் முறை. பட்டிங்கின் உருளை யந்திரம் முதல் வகை. வளைந்த கத்திகள் பல பொருந்திய உருளை ஒன்று சுழல, அதன் கீழே அசையாத அடிக்கத்தி ஒன்று இருக்கும். இரண்டுக்கும் இடையே புல் அகப்பட்டுக் கத்தரிக்கப்படும். கையால் தள்ளும் சிறிய உருளை யந்திரம் பெட்ரோல் கேட்பதில்லை, சத்தம் செய்வதில்லை, கல்லை எறிவதில்லை. சமமான சிறு புல்வெளியுள்ள பள்ளிக்கு இதைவிட நல்ல யந்திரம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் புல்லை நான்கு விரற்கிடை உயரம் வளரவிட்டுப் பின்னர் இதைத் தள்ளினால் ஓடாது. வாரந்தோறும் வெட்டுகிறவர்களுக்கே இது உதவும்.

இரண்டாவது வகையில் தரைக்கு இணையாக ஒரே கத்தி அதிவேகமாகச் சுழன்று புல்லை வீசி அறுக்கும். நாற்சக்கரப் புல்வெட்டியும், தோளில் மாட்டிக்கொள்ளும் பிரஷ் கட்டரும் இவ்வகையைச் சேர்ந்தவை. நமது பஞ்சாயத்துகளில் மிகுதியாக உள்ளவை இவையே. அரை மீட்டர் நீளமுள்ள கத்தி நிமிஷத்துக்கு 3,000 முறை சுழன்றால், அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த நுனியில் பட்ட கூழாங்கல் எவ்வளவு தூரம், எவ்வளவு விசையோடு பறக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆகையால் பிரஷ் கட்டர் ஓடும்போது 15 மீட்டருக்குள் வேறு எவரும் நிற்கலாகாது. வேலை தொடங்குமுன் கல், கம்பி, பாட்டில் ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். இயக்குபவருக்குக் கண்ணாடி, கால்மூடிய காலணி, காதடைப்பான், கெட்டியான முழுக்கால் சட்டை ஆகியவற்றைப் பஞ்சாயத்தே வாங்கித் தரவேண்டும். யந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை அற்பம்.

மழுங்கிய கத்தி புல்லை வெட்டுவதில்லை, பிய்க்கிறது. வெட்டிய மறுநாள் காலையில் புல்லின் நுனியை உற்று நோக்குங்கள். நுனி சீராக இருந்தால் கத்தி நன்று. நார் நாராகக் கிழிந்து, மேற்பரப்பு முழுவதும் பழுப்பேறியிருந்தால் கத்தியைக் கழற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது. மழுங்கிய கத்தியால் எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது. கிழிந்த நுனி வழியே புல்லுக்கு நோயும் எளிதில் பற்றுகிறது. உழவர் பெருமக்களுக்கு இது புதிதன்று. அறுவடைக்கு மழுங்கிய அரிவாளை எடுத்துச் செல்பவர் எவருமில்லை.

கத்தியைக் கழற்றும் முன்

இங்கே ஒரு நிகழ்ச்சியைக் கூறுவது அவசியமாகிறது. ஊரின் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. ஒரு பஞ்சாயத்தில் தூய்மைக் காவலர் ஒருவர் நாற்சக்கரப் புல்வெட்டியின் அடியில் ஈரப்புல் அடைத்துக்கொண்டதால், எஞ்சினை நிறுத்திவிட்டு, யந்திரத்தைச் சாய்த்துக் கையால் புல்லை நீக்கினார். அடைப்பு விலகிய கணத்தில் கத்தி அரைச் சுற்று திரும்பிற்று. அந்த அரைச் சுற்றில் எஞ்சின் ஒருமுறை வெடித்து இயங்கிவிட்டது. அவர் வலக்கையில் இரண்டு விரல்களின் நுனிகளை இழந்தார். எஞ்சின் சுவிட்சு அணைந்திருந்ததாகவே அவர் எண்ணினார். சுவிட்சின் கேபிள் பல நாட்களாகவே தளர்ந்திருந்தது என்பதும், அதை இருவர் முன்பே சொல்லியிருந்தனர் என்பதும் பின்னர் தெரிய வந்தன. சொன்னதை எழுதி வைக்க ஓர் ஏடு அங்கே இல்லை.

ஆகவே முதல் விதியைப் பாடமாகவே பயிற்றவேண்டும். கத்தியின் அருகே கை போகுமுன் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கி, பிளக்கில் படாதவாறு ஒதுக்கி வைக்கவேண்டும். சுவிட்சை நம்பக்கூடாது. எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நாற்சக்கரப் புல்வெட்டியைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் உள்ள பக்கம் மேலே இருக்குமாறு சாய்க்கவேண்டும். மறுபக்கம் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் புகுந்து, பின்னர் எஞ்சின் கிளம்பாது. கிளம்பினாலும் ஊரே மறையும்படி வெண்புகை கக்கும்.

கத்தியைக் கழற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் கீழே இருந்தது என்பதைச் சுண்ணக்கட்டியால் குறியிடுக. தலைகீழாக மாட்டப்பட்ட கத்தியோடு வாரக்கணக்கில் புல்லைத் தடவிக்கொண்டிருந்த யந்திரங்களும் உண்டு. நாற்சக்கர யந்திரத்தின் கத்திப் போல்ட்டு பெரும்பாலும் வழக்கமான இடப்பக்கச் சுழற்சியில் கழலும். பிரஷ் கட்டரின் கத்தி நட்டு இதற்கு நேர்மாறானது. கடிகார முள் செல்லும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் பெரிய ஸ்பானரைப் போட்டு மிதித்து, மறையைச் சிதைத்துவிட்டு, "துருப்பிடித்துவிட்டது" என்று கூறுவோர் பலர்.

சாணை பிடிப்பதற்கு மின்சாரச் சாணைக்கல்லைவிட அரமே சிறந்தது. சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று பொருள். கத்தியை வைஸில் இறுக்கி, முன்பிருந்த சரிவையே பின்பற்றி, பொதுவாக 30 டிகிரி அளவில், ஒரே திசையில் அராவவேண்டும். சவரக் கத்தி போல் கூர்மை தேவையில்லை. மிகக் கூரான விளிம்பு முதல் மண்கட்டியிலேயே மடங்கிவிடும். வெண்ணெய்க் கத்தியின் கூர்மை போதும்.

அராவிய பின் சமநிலை பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகின்றனர். சுவரில் ஆணி ஒன்றை அடித்து, கத்தியின் நடுத்துளையை அதில் மாட்டித் தொங்கவிடுங்கள். படுக்கையாக நின்றால் இருபுறமும் எடை சமம். ஒருபுறம் தாழ்ந்தால் அந்தப் புறத்தை இன்னும் சிறிது அராவுக. இந்தச் சிறு சோதனையைச் செய்யாத கத்தி ஓடும்போது யந்திரம் முழுவதையும் உதறும். கைப்பிடி அதிரும், போல்ட்டுகள் தளரும், நாளடைவில் எஞ்சினின் பேரிங்கும் போகும். ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் கோளாறை ஓர் ஆணி தடுக்கிறது. வெடிப்பு விட்ட கத்தியையும் வளைந்த கத்தியையும் மட்டும் நிமிர்த்தவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. எவ்வளவு கைதேர்ந்த கொல்லராயினும் சரி. பழைய இரும்புக்குப் போடுவதே முறை.

உருளை யந்திரத்தில் சோதனை வேறு விதம். கையுறை அணிந்துகொண்டு, மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை அடிக்கத்திக்கும் உருளைக் கத்திக்கும் நடுவே நீட்டி, உருளையை மெல்லச் சுழற்றவேண்டும். காகிதம் கத்தரித்தாற்போல் வெட்டுப்பட வேண்டும். இடப்புறம், நடு, வலப்புறம் என மூன்று இடங்களிலும், ஒவ்வொரு கத்திக்கும் இவ்வாறு பார்க்கவேண்டும். மடங்கி நுழைந்தால் இடைவெளி அதிகம். திருகாணியைச் சிறுகச் சிறுகச் சரிசெய்க. உருளையை இறுக்கித் திருப்பும்போது கீச்சென்று ஒலித்தால் இடைவெளி போதவில்லை. இரும்போடு இரும்பு உராய்கிறது. சற்றே மழுங்கியிருந்தால், மோட்டார் மெக்கானிக்குகள் வால்வுக்குப் பூசும் அதே கிரைண்டிங் பேஸ்ட்டை நீண்ட காம்புள்ள தூரிகையால் பூசி, உருளையை எதிர்த்திசையில் சுழற்றினால் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று தீட்டிக்கொள்ளும். கோல்ஃப் மைதானப் பட்டறைகளில் இது வழக்கமான வேலை. மிகவும் தேய்ந்துவிட்ட உருளையை இம்முறையில் மீட்க முடியாது. அதற்குச் சாணை யந்திரம் உள்ள பட்டறைக்கே எடுத்துச் செல்லவேண்டும்.

எஞ்சினுக்கு மூன்று தேவைகள்

காற்று, பெட்ரோல், பொறி ஆகிய மூன்றும் வேளைக்கு வந்தால் எஞ்சின் ஓடும். கிளம்பாத எஞ்சினை ஆராய்வோர் இம்மூன்றில் எது வரவில்லை என்று வரிசையாகப் பார்க்கவேண்டுமேயன்றி, எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்றலாகாது.

நமது பகுதியில் முதலில் கெடுவது காற்றே. திருமழிசை, நேமம், குத்தம்பாக்கம் பக்கம் லாரிகள் எழுப்பும் புழுதியை அறிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். யந்திரத்தோடு வரும் புத்தகம் ஏர் ஃபில்டரை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொன்னால், நாம் ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். பஞ்சு போன்ற ஃபில்டரைச் சோப்பு நீரில் கழுவி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, சில துளி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் பிழிந்து பொருத்தலாம். காகித ஃபில்டரை ஒருபோதும் நீரில் நனைக்கக்கூடாது. தரையில் மெல்லத் தட்டினால் போதும். தட்டியும் போகாவிடில் புதிது வாங்குக. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் எஞ்சின் நன்றாக இழுக்கிறது என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். அது உண்மைதான், ஒரு பருவம் மட்டும் இழுக்கும். அதற்குள் உள்ளே புகுந்த மண் சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

பெட்ரோலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். அண்மை ஆண்டுகளில் ஏற்பட்டுள்ள மாறுதலைப் பலர் கவனிக்கவில்லை. இப்போது பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் இக்கலப்பு நாடெங்கும் 20 சதவீதத்தை எட்டியது. நாள்தோறும் ஓடும் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தங்குவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் நிற்கும் புல்வெட்டியில் நிலைமை வேறு. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். பெட்ரோலும் ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் பசையாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். பழைய ரப்பர்க் குழாய்கள் விறைத்து வெடிக்கும். பிரஷ் கட்டரின் கார்புரேட்டரில் உள்ள மெல்லிய சவ்வும் விறைத்துப் போகும். "கார்புரேட்டர் போய்விட்டது, புதிதுதான் போடவேண்டும்" என்று கடையில் சொல்லப்படும் யந்திரங்களில் பல, பழைய பெட்ரோலை வடித்து, டாங்கியைக் கழுவி, ஜெட்டைச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றியவுடன் கிளம்பிவிடுகின்றன. டாங்கி மூடியில் உள்ள சிறு காற்றுத் துளை மண்ணால் அடைபட்டு, ஐந்து நிமிஷம் ஓடி நின்றுவிடும் யந்திரங்களும் உண்டு. மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் ஓடினால் காரணம் அதுவே. இதற்குச் செலவு ஓர் ஊசி.

டூ-ஸ்ட்ரோக் பிரஷ் கட்டருக்குப் பெட்ரோலோடு டூ-டி ஆயிலை அளவாகக் கலக்கவேண்டும். ஐம்பதுக்கு ஒன்று எனப் புத்தகம் கூறினால் லிட்டருக்கு 20 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 40 மில்லி. கண்ணளவில் ஊற்றுவது கூடாது. மருந்துப் புட்டியின் அளவு மூடி ஒன்றைப் பட்டறையில் கட்டித் தொங்கவிடலாம். ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். மிகுந்தால் சைலன்சரில் கரி அடைந்து, எஞ்சின் கிளம்பும், ஆனால் வேலைக்கு இழுக்காது. அத்தகைய யந்திரத்தில் சைலன்சரின் வாயில் உள்ள சிறு வலையைக் கழற்றிக் கரியைச் சுரண்டினாலே பழைய வலிமை திரும்பிவிடும். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கோ ஆயில் தனியே அடிப்பகுதியில் இருக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன்னர், சமதரையில் நிறுத்தி, அளவுக் கோலை எடுத்துப் பார்க்கவேண்டும். இந்த யந்திரத்துக்கு அந்தப் பெட்ரோலும், அந்த யந்திரத்துக்கு இந்தப் பெட்ரோலும் மாறி ஊற்றப்படுவதால் நேரும் சேதம் கொஞ்சமன்று. இரு கேன்களுக்கும் இரு வர்ணம் பூசிவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறமாட்டார்.

ஸ்பார்க் பிளக் எஞ்சினின் நாக்கு போன்றது. வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல் மெக்கானிக் பிளக்கைப் பார்க்கிறார். வெளிர் பழுப்பாக இருந்தால் உடல் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் காற்று போதவில்லை, அல்லது ஆயில் மிகுதி. வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மேல் சூடேறுகிறது. இடைவெளியைப் புத்தகத்தில் கண்டபடி, பொதுவாக 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை, ஃபீலர் கேஜால் அளந்து வைக்கவேண்டும்.

கல்லிலோ மரக்கட்டையிலோ மோதிய பிறகு கிளம்பாத நாற்சக்கர யந்திரத்தைப் பற்றித் தனியே கூறவேண்டும். ஃப்ளைவீலுக்கும் அதன் தண்டுக்கும் நடுவே மெல்லிய சாவிக்கட்டை ஒன்று உண்டு. பல எஞ்சின்களில் அது மென்மையான உலோகத்தால் ஆனது. கத்தி மோதும்போது தண்டைக் காப்பதற்காகத் தான் அறுந்துபோகும்படி அமைக்கப்பட்டது அது. அறுந்தால் பொறி விழும் நேரம் மாறும். கயிற்றை இழுத்தால் எஞ்சின் கையை உதைக்கும். புதிய சாவிக்கட்டையின் விலை சொற்பம். ஆனால் "இனி அறவே கூடாது" என்று எண்ணி இரும்பு ஆணியை வெட்டிச் செருகும் புத்திசாலித்தனத்தை நமது பட்டறைகளில் கண்டிருக்கிறேன். அடுத்த கல்லில் ஆணி அறுவதில்லை. தண்டு வளைந்து எஞ்சினே போய்விடுகிறது.

ஏரிக்கரையில் ஒரு கவனம்

நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பஞ்சாயத்து யூனியனின் பொறுப்பில் உள்ளவை என்பது உறுப்பினர்கள் அறிந்ததே. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இவற்றின் கரைகளில் மண்டிய புதரை வெட்டினால்தான் எலிவளையும் நீர்க்கசிவும் கண்ணுக்குப் புலப்படும். ஆனால் கரையின் புல்லை வேரோடு செதுக்குவது பெருந்தவறு. அருகம்புல்லின் வேரே கரை மண்ணை மழை அரிக்காமல் கட்டிப் பிடிக்கிறது. தரையிலிருந்து நான்கைந்து விரற்கிடை விட்டு வெட்டுவதே போதும். சரிவில் நாற்சக்கர யந்திரம் உருண்டுவிடும். பிரஷ் கட்டரே ஏற்றது. முட்புதருக்கு இரும்புக் கத்தியையும், வெறும் புல்லுக்கு நைலான் நரம்பையும் மாட்டவேண்டும். நுனியில் உள்ள பற்சக்கரப் பெட்டிக்கு 25 அல்லது 30 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் இடவேண்டும். அதன் திருகாணி ஒன்றை ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்காததால் எரிந்துபோகும் பெட்டிகள் ஏராளம்.

பட்டறை எங்கே, யார் பொறுப்பு?

ஒவ்வொரு பஞ்சாயத்தும் தனியே பட்டறை வைப்பது வீண்செலவு. அருகருகே உள்ள ஐந்தாறு பஞ்சாயத்துகள் சேர்ந்து ஒரு கெட்டியான மேசை, ஒரு வைஸ், இரண்டு மூன்று அரங்கள், ஒரு செட் ஸ்பானர், பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ், கிரீஸ் துப்பாக்கி, ஆயில் வடிக்கும் தட்டு, மணல் வாளி, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றோடு ஒரு காற்றோட்டமான அறையை அமைத்துக்கொள்வது போதும். பெட்ரோல் அந்த அறைக்குள் இருக்கலாகாது.

இவ்விஷயத்தில் சென்னைக்கு மேற்கேயுள்ள கிராமங்களுக்குக் கிட்டியுள்ள வசதி வேறு பகுதிகளுக்கு இல்லை. அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964-இல் தொழிற்பேட்டை தோன்றியது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு டாங்கிகள் செய்யப்பட்டன. இவற்றைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளில் தேய்ந்த புஷ் ஒன்றை லேத்தில் கடைந்து தருவோர் தெருவுக்குத் தெரு உண்டு. அம்பத்தூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த இளைஞர்கள் நமது கிராமங்களிலேயே இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரை மாதம் இரண்டு நாள் வரவழைத்து உரிய கூலி தருவதற்குத் தீர்மானம் நிறைவேற்றினால், யந்திரங்களுக்கு ஒரு கைராசியான மருத்துவர் கிடைத்துவிடுவார். மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று இப்பொறுப்பை ஏற்க முன்வந்தால் தயங்க வேண்டாம். அளவாகக் கலப்பதும், நேரத்தைக் குறிப்பதும், துடைத்து வைப்பதும் பாதி வேலை. அவற்றில் பெண்களின் கைச்சுத்தம் கண்கூடு.

உழவர்களுக்கும் இப்பட்டறை உதவும். களையெடுக்கும் பவர் வீடரிலும், விசைத் தெளிப்பானிலும் உள்ள சிறு எஞ்சின்கள் பெரும்பாலும் இதே அமைப்பு உடையவை. புல்வெட்டியில் கை பழகியவர் அவற்றையும் பார்ப்பார். வேளாண்மைப் பொறியியல் துறை உழவன் செயலியின் வழியே யந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. வாடகைக்கு எடுத்த யந்திரத்தைத் திருப்பித் தருமுன் ஃபில்டரைத் தட்டி, கத்தியைக் கழுவித் தரும் பழக்கம் அடுத்த உழவருக்குச் செய்யும் உபகாரம்.

பொறுப்பு யாருடையது என்பதற்கு விடை ஓர் ஏடு. யந்திரத்துக்கு ஒன்று வீதம், நாற்பது பக்க நோட்டுப் புத்தகமே போதுமானது. தேதி, ஓடிய நேரம், ஊற்றிய பெட்ரோல், கண்ட குறை, செய்த பழுது, கையொப்பம் என ஆறு பத்திகள். கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது இந்த ஏட்டையும் மேசையில் வைக்கவேண்டும். "கேபிள் தளர்ந்துள்ளது" என்று இயக்குபவர் எழுதி, நான்கு நாட்களாக எதிரே உள்ள பத்தி காலியாக இருக்குமானால், அந்தக் காலியிடத்துக்கு யார் விடை சொல்வது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அது தெரிந்தால் யந்திரத்தை அன்றே நிறுத்தி வைப்பார்கள். புதிதாக யந்திரம் வாங்கும்போதும், விலையை மட்டும் ஒப்பிடாமல், உதிரி பாகம் எங்கே கிடைக்கும், தமிழில் கையேடு உண்டா, இயக்குபவருக்கு ஒருநாள் பயிற்சி தருவார்களா என்று விலைப்புள்ளி கோரும் கடிதத்திலேயே கேட்டுவிடுவது நலம்.

கடைசியாக, யந்திரத்தை ஓய்வில் வைப்பது பற்றிச் சில வார்த்தைகள். குளிர்காலத்தில் எவ்வாறு பாதுகாப்பது என்று வெளிநாட்டுக் கையேடுகள் பக்கம் பக்கமாகக் கூறும். நமக்கு ஓய்வுக் காலம் குளிர்காலமன்று. புல் காய்ந்து நிற்கும் சித்திரையும் வைகாசியுமே. பங்குனி முடியுமுன் டாங்கியை வடித்து, மிச்சம் தீரும்வரை எஞ்சினை ஓட்டி நிறுத்துக. பிளக்கைக் கழற்றி ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயிலைச் சிலிண்டரில் விட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இரண்டு முறை இழுத்து, பிளக்கை மீண்டும் பொருத்துக. கத்தியில் கிரீஸ் தடவி, தரையில் படாமல் பலகையின் மேல் நிறுத்தி, காற்றுப் புகும் சாக்கால் மூடுக. குடிநீருக்காக வைத்துள்ள பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் அதே அறையில் இருந்தால் அவற்றை வேறிடத்துக்கு மாற்றுக. அதிலிருந்து எழும் ஆவி ஒரே கோடையில் இரும்பைத் துருவேற்றிவிடும்.